தங்கத்தின் சிவப்பைப் படிப்பது எப்படி: ஒளியின் முன் நானோதுகளும் அணுக்கொத்தும்

தங்கத்தை 13 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளாக்கி நீரில் மிதக்கவிட்டால் நீர் அடர்சிவப்பாகிறது. அதே தங்கத்தை 25 அணுக்கள் மட்டுமே கொண்ட கொத்தாகச் சுருக்கினால் அந்தச் சிவப்பு மறைந்து நீர் பழுப்பாகிறது. புறஊதா விளக்கின் கீழே வைத்தால் செந்நிறமாக ஒளிர்கிறது. இரண்டிலும் இருப்பது தங்கம்தான். எத்தனை அணுக்கள் சேர்ந்து நிற்கின்றன என்பதுதான் வேறு.

இந்த இரண்டையும் ஆய்வகத்தில் தயாரித்து, கண்ணாலும் நிறமாலைமானியாலும் எப்படிப் படிப்பது என்பதை இங்கே எழுதுகிறேன். ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லித்தரும் வரிசையும் இதுவே. அதில் ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை: குப்பியைக் கருவிக்குள் வைக்கும் முன் நிறத்தை நோட்டில் எழுதியாக வேண்டும். 'சிவப்பு' என்று ஒரு சொல்லில் முடிக்கக் கூடாது. வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்தபோது என்ன நிறம், கறுப்புப் பின்னணியில் பக்கவாட்டிலிருந்து ஒளி அடித்தபோது என்ன நிறம் என்று தனித்தனியாக எழுத வேண்டும். முதலாவது, நீரைக் கடந்து வந்த ஒளி. இரண்டாவது, துகள்கள் சிதறடித்த ஒளி. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மற்றவை எளிது.

முதலில் காரணம்

உலோகத்தில் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமாகாமல் உலவும் எலக்ட்ரான்கள் உண்டு. ஒளியோ, அதிரும் மின்புலம். 520 நானோமீட்டர் பச்சை ஒளி நொடிக்குச் சுமார் 577 லட்சம் கோடி முறை அதிர்கிறது. துகள் அந்த அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருப்பதால், ஒரு கணத்தில் அதன் எல்லா எலக்ட்ரான்களும் ஒரே தள்ளலை உணர்ந்து மொத்தமாக ஒரு பக்கம் நகர்கின்றன. மறுபக்கத்தில் மிஞ்சும் நேர்மின்னூட்டம் அவற்றைத் திரும்ப இழுக்கிறது. வந்த வேகத்தில் அவை நடுவில் நிற்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகின்றன. ஊஞ்சலை அதன் சொந்தத் தாளத்துக்குத் தள்ளும்போது சிறு தள்ளலே பெரிய வீச்சைத் தருவதுபோல, ஒளியின் அதிர்வும் எலக்ட்ரான் கூட்டத்தின் அதிர்வும் பொருந்தும் இடத்தில் துகள் ஒளியை வாரி எடுத்துக்கொள்கிறது. எலக்ட்ரான்களின் இந்தக் கூட்டு ஆட்டத்துக்குப் பிளாஸ்மான் என்று பெயர்.

அந்தப் பொருத்தம் எந்த அலைநீளத்தில் அமையும்? ஓர் உருண்டை ஒளியை எப்படி உறிஞ்சும், எப்படிச் சிதறடிக்கும் என்பதை மேக்ஸ்வெல் சமன்பாடுகளிலிருந்து முழுமையாக வருவித்து 1908இல் வெளியிட்டவர் குஸ்தாவ் மீ. மிகச் சிறிய உருண்டைகளுக்கு அவருடைய விடை ஒரே நிபந்தனையாகச் சுருங்கிவிடும்: உலோகத்தின் மின்காப்பு மாறிலியின் (மின்புலத்துக்குப் பொருள் எப்படி இசைகிறது என்பதைச் சொல்லும் எண்) மெய்ப்பகுதி, சுற்றியுள்ள ஊடகத்தின் மதிப்பைப்போல் எதிர்க்குறியில் இரண்டு மடங்காக இருக்க வேண்டும். ஒளி அதிர்வெண்களில் நீரின் மதிப்பு சுமார் 1.77. ஆகவே உலோகத்தின் மதிப்பு −3.5ஐ ஒட்டி வர வேண்டும். தங்கம் அந்த மதிப்பை 515 நானோமீட்டர் வாக்கில் எட்டுகிறது. பச்சை போய்விடுகிறது, சிவப்பு மிஞ்சுகிறது. வெள்ளிக்கு அந்த இடம் 400 நானோமீட்டருக்குச் சற்றுக் கீழே. ஊதா போய் மஞ்சள் மிஞ்சுகிறது.

தங்கத்தில் இன்னொரு சங்கதியும் கலந்திருக்கிறது. அதன் 5டி பட்டையிலுள்ள, அதாவது உலவும் எலக்ட்ரான்களுக்குக் கீழே உள்ள ஆற்றல் நிலைகளில் இருக்கும், எலக்ட்ரான்கள் ஏறத்தாழ 2.4 எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்தே, அதாவது 520 நானோமீட்டரிலும் அதற்குக் குறைவான அலைநீளங்களிலும், மேலே தாவத் தொடங்கிவிடும். கட்டித் தங்கத்தின் மஞ்சளுக்கும் இதுதான் காரணம். இதனால் தங்கத் துகளின் நிறமாலையில், அதாவது எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி போகிறது என்று காட்டும் வளைகோட்டில், முகட்டின் இடப்பக்கம் (குறுகிய அலைநீளப் பக்கம்) பள்ளமாக இறங்குவதில்லை. மேட்டுநிலம்போல் உயர்ந்தே கிடக்கும். வெள்ளியில் அத்தகைய தாவல் புறஊதாவில்தான் தொடங்குவதால், அதன் முகடு இருபுறமும் சரிந்து கூர்மையாக நிற்கும்.

அளவு மாறும்போது என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு போதும். உறிஞ்சல் துகளின் கன அளவோடு வளர்கிறது. சிதறல் கன அளவின் வர்க்கத்தோடு வளர்கிறது. விட்டத்தை இரட்டித்தால் உறிஞ்சல் 8 மடங்கு, சிதறல் 64 மடங்கு. அதனால்தான் 13 நானோமீட்டர் தங்கம் ஏறத்தாழ உறிஞ்ச மட்டுமே செய்கிறது. 80 நானோமீட்டரில் சிதறல் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வந்துவிடுகிறது. பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள 4ஆம் நூற்றாண்டின் லைகர்கஸ் கிண்ணம் வெளியிலிருந்து ஒளி விழும்போது பச்சையாகவும், உள்ளே விளக்கு வைத்தால் சிவப்பாகவும் தெரிவதற்கு அதன் கண்ணாடியில் கலந்த வெள்ளி–தங்கத் துகள்களே காரணம். நோட்டில் இரண்டு நிறங்களை எழுதச் சொன்னேனே, அந்தக் கிண்ணத்துக்கும் அதையேதான் எழுத வேண்டியிருக்கும்.

கண்ணாடிப் பாத்திரமும் தங்கமும்

தயாரிப்பு முறை 1951இல் டர்கெவிச், ஸ்டீவன்சன், ஹில்லியர் மூவரும் விளக்கியது. சிட்ரேட் இங்கே இரண்டு வேலை செய்கிறது. தங்க அயனிக்கு எலக்ட்ரான் கொடுத்து அதை உலோகமாக ஒடுக்குகிறது; பிறந்த துகளின் மேல் ஒட்டிக்கொண்டு அதற்கு எதிர்மின்னூட்டம் கொடுத்து, துகள்கள் ஒன்றையொன்று நெருங்காமல் காக்கிறது.

பாத்திரச் சுத்தம்தான் பாதி வேலை. புகைக்கூண்டுக்குள், கையுறையும் கண்ணாடியும் முகத்தடுப்பும் அணிந்து, மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் சேர்ந்த இராஜ திராவகத்தால் கூம்புக் குடுவையையும் காந்தக் கலக்கியின் துண்டையும் கழுவுங்கள். தேவைக்கு மேல் ஒரு துளிகூடக் கலக்க வேண்டாம். அதை மூடிவைக்கவே கூடாது. வாயு சேர்ந்து புட்டி வெடிக்கும். அசிட்டோன் போன்ற கரிமக் கரைப்பான் எதுவும் அதன் அருகில் வரக் கூடாது. பிறகு அயனி நீக்கிய நீரால் பலமுறை அலசுங்கள். பழைய தங்கத்தின் ஒரு படலம் சுவரில் இருந்தால் புதிய தங்கம் அதன்மேல் படியும். துகளின் அளவு உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

100 மில்லிலிட்டர் அயனி நீக்கிய நீரில் 39.4 மில்லிகிராம் குளோரோஆரிக் அமிலத்தைக் கரைத்தால் 1 மில்லிமோலார் கரைசல் கிடைக்கும். இந்த எடை மூன்று நீர் மூலக்கூறுகள் கொண்ட படிக வடிவத்துக்கானது. உப்பை எடுக்க உலோகக் கரண்டியைத் தொடாதீர்கள். அது அரிக்கப்பட்டு, உங்கள் தங்கம் கரண்டியின் மேலேயே கறுப்பாகப் படிந்துவிடும். பிளாஸ்டிக் கரண்டி போதும். காற்றின் ஈரத்தை வேகமாக இழுக்கும் பொருள் என்பதால் எடை போடும்போது நிதானம் காட்டவும் நேரமில்லை. தனியாக 114 மில்லிகிராம் டிரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட்டை 10 மில்லிலிட்டர் நீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கக் கரைசலைக் காந்தக் கலக்கியின் மேல் வைத்து, நன்றாகக் கொதித்துக் குமிழ் புரளும்வரை சூடேற்றுங்கள். ஆவி இழப்பு அதிகமாகாமலிருக்க மேலே ஒரு குளிர்விப்பான் இருந்தால் நல்லது. கரைசல் வெளிர்மஞ்சளாக இருக்கும். இப்போது சிட்ரேட் முழுவதையும் ஒரே வீச்சில் ஊற்றுங்கள். சொட்டுச் சொட்டாக விடவேண்டாம். துகள்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பிறந்தால்தான் ஒரே அளவில் வளரும்.

இங்கே கைப்பேசியை ஒதுக்கிவைத்துவிட்டுக் குடுவையைப் பாருங்கள். முதலில் மஞ்சள் வெளிறி, நீர் வெறும் நீராகிறது. சில கணங்கள் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு அடியிலிருந்து ஒரு சாம்பல் நிழல் ஏறும். அது நீலம் கலந்த கறுப்பாக அடர்ந்து, குடுவைக்கு அப்பால் உள்ளது தெரியாமல் போகும். அந்தக் கறுப்பின் விளிம்பில், கலக்கியின் சுழிப்பு நீரை மெலிதாக்கும் இடத்தில், முதலில் ஊதா எட்டிப்பார்க்கும். ஊதா கருஞ்சிவப்பாகி, கடைசியில் தெளிந்த சிவப்பாக நிலைக்கும். எல்லாம் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். இதைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு அதே மகிழ்ச்சிதான். சிவப்பு நிலைத்த பிறகும் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, சூட்டை நிறுத்தி, கலக்கியபடியே ஆறவிடுங்கள்.

நிறம் ஊதாவிலேயே நின்றுவிட்டால் சுத்தத்தைச் சந்தேகியுங்கள், அடுத்து நீரை. பெரிய துகள் வேண்டுமானால் சிட்ரேட்டைக் குறைக்க வேண்டும். 1973இல் ஃபிரென்ஸ் இந்த விகிதத்தை மாற்றித்தான் அளவைக் கட்டுப்படுத்திக் காட்டினார். ஆனால் அளவு கூடக்கூட உருண்டைகள் ஒழுங்கு தவறி, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகும். முதல் தயாரிப்புக்கு 13 நானோமீட்டரிலேயே இருங்கள்.

கண்ணால் பார்ப்பது

மைக்கேல் ஃபாரடே 1857இல் தங்கம் உள்ளிட்ட உலோகங்களுக்கும் ஒளிக்கும் உள்ள உறவைப் பற்றிய தன் ஆய்வை வெளியிட்டபோது அவரிடம் நிறமாலைமானியும் இல்லை, மின்னணு நுண்ணோக்கியும் இல்லை. தங்க உப்பைப் பாஸ்பரசால் ஒடுக்கிச் சிவப்பு நீர்மங்களைப் பெற்றார். அதன் வழியே ஒளிக்கற்றையைக் குவித்துச் செலுத்தி, கற்றையின் பாதை பக்கவாட்டில் தெரிவதைக் கொண்டு, அது கரைசல் இல்லை, மிக நுண்ணிய உலோகத் துகள்கள் மிதக்கும் நீர்மம் என்று முடிவுக்கு வந்தார். அவர் தயாரித்த மாதிரிகளில் சில லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்னும் இருக்கின்றன.

அவர் செய்ததை நீங்களும் செய்யலாம். சிவப்பு நீர்மத்தை நீரால் நன்றாக நீர்க்கவைத்து, பக்கத்தில் வெறும் நீர் உள்ள குவெட்டையும் (நிறமாலைமானியில் வைக்கும் சிறு சதுரக் குப்பி) வைத்து, இருட்டறையில் பச்சை லேசர் சுட்டியின் கற்றையை இரண்டின் ஊடாகவும் விடுங்கள். நீரில் கோடு தெரியாது; தங்கத்தில் மெல்லிய கோடு தெரியும். அடுத்து, நீர்க்காத அசல் நீர்மத்தை ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் எடுத்து முதலில் 650 நானோமீட்டர் சிவப்பு லேசரையும் பிறகு 532 நானோமீட்டர் பச்சை லேசரையும் செலுத்துங்கள். சிவப்புக் கற்றை தாராளமாக வெளியே வந்து எதிர்ச்சுவரில் புள்ளி வைக்கும். பச்சை அந்த ஒரு சென்டிமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்குகூட வெளியே வராது. பிளாஸ்மான் எங்கே இருக்கிறது என்று இதைவிடத் துலக்கமாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியாது. கற்றையையோ கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியையோ நேரே பார்க்காதீர்கள். லேசருக்கு ஏற்ற பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

உள்ளே போன பச்சை ஒளி என்னவானது என்று கேட்பார்கள். வெப்பமானது. எலக்ட்ரான்களின் கூட்டு ஆட்டம் சில ஃபெம்டோநொடிகளில் கலைகிறது (ஃபெம்டோநொடி என்பது பிக்கோநொடியில் ஆயிரத்தில் ஒன்று; பிக்கோநொடி நொடியில் லட்சம் கோடியில் ஒன்று). அந்த ஆற்றல் ஒரு பிக்கோநொடியை ஒட்டிய நேரத்தில் அணுக்களின் அதிர்வாகிறது. பிறகு நூறு பிக்கோநொடி வாக்கில் சுற்றியுள்ள நீருக்குப் போய்விடுகிறது. ஒளியாகத் திரும்பி வருவது அநேகமாக ஒன்றுமில்லை. இதை மனத்தில் வையுங்கள். கொத்துகளுக்கு வரும்போது இது தலைகீழாகப் போகிறது.

வளைகோட்டைப் படிப்பது

ஒரு மில்லிலிட்டர் நீர்மத்தை 4 மில்லிலிட்டர் நீரோடு கலந்து ஐந்து மடங்கு நீர்க்கவையுங்கள். அசல் நீர்மத்தின் அப்சார்பன்ஸ் (ஒளி எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பதன் மடக்கை அளவு; 1 என்றால் பத்தில் ஒரு பங்கு, 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியே வெளியே வரும்) முகட்டில் 3ஐத் தாண்டும். பெரும்பாலான கருவிகள் அங்கே தடுமாறும். நீர்த்த பிறகு 0.7ஐ ஒட்டி வரும். வெறும் நீரை வைத்து அடிக்கோட்டை எடுத்துக்கொண்டு, 350இலிருந்து 900 நானோமீட்டர்வரை ஓடவிடுங்கள். 600இல் நிறுத்துகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. துகள்கள் கெட்டுப்போனதன் அடையாளம் அந்த 600க்கு மேல்தான் இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் நல்ல மாதிரியும் கெட்ட மாதிரியும் ஒன்றுபோலத் தெரியும்.

எல்லோரும் முதலில் முகட்டைப் பார்க்கிறார்கள். நான் கடைசியில்தான் பார்க்கச் சொல்வேன். உருண்டைத் தங்கத்தில் முகடு அளவோடு மிக மெதுவாகவே நகர்கிறது: 20 நானோமீட்டர் துகளுக்கு 520ஐ ஒட்டி, 50க்கு 530ஐ ஒட்டி, 100க்கு 570ஐ ஒட்டி. 519க்கும் 521க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து அளவு சொல்கிறவரை நம்பாதீர்கள்.

முதலில் 700க்கு மேலே உள்ள வாலைப் பாருங்கள். அது அடிக்கோட்டைத் தொட்டுப் படுத்திருந்தால் துகள்கள் தனித்தனியாக இருக்கின்றன. வால் தூக்கி நின்றால் துகள்கள் ஒட்டியிருக்கின்றன, அல்லது உருண்டையல்லாத வடிவங்கள் கலந்திருக்கின்றன, அல்லது குவெட் அழுக்காக இருக்கிறது. மூன்றாவதை முதலில் சரிபாருங்கள்.

அடுத்து 400 நானோமீட்டர். அங்கே பிளாஸ்மானின் பங்கு குறைவு. உறிஞ்சல் பெரும்பாலும் உலோகத் தங்கம் மொத்தம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. ஒரு சென்டிமீட்டர் பாதையில் 0.5 மில்லிமோலார் உலோகத் தங்கம் ஏறத்தாழ 1.2 காட்டும். நம் தயாரிப்பில் 110 மில்லிலிட்டரில் தங்கத்தின் செறிவு 0.91 மில்லிமோலார், ஆகவே நீர்க்கும் முன் 2.2, ஐந்து மடங்கு நீர்த்தபின் 0.44. உங்கள் எண் இதைவிட நன்றாகக் குறைந்தால் தங்கம் முழுவதும் ஒடுங்கவில்லை, அல்லது சுவரில் படிந்துவிட்டது. கொதிக்கும்போது நீர் ஆவியாகிப் போனால் எண் கூடும். இறுதிக் கன அளவை அளந்து திருத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, விகிதம். முகட்டின் அப்சார்பன்சை 450 நானோமீட்டரின் அப்சார்பன்சால் வகுங்கள். 5 நானோமீட்டர் துகளுக்கு இது 1.3ஐ ஒட்டி, 10க்கு 1.5, 20க்கு 1.7. முகட்டின் இடத்தைவிட இந்த விகிதம் அளவை நன்றாகக் காட்டிக்கொடுக்கிறது. துகள் சிறுக்கச் சிறுக்க எலக்ட்ரான்கள் மேற்பரப்பில் அடிக்கடி மோதி ஆட்டம் தளர்வதால் முகடு அகன்று தாழ்கிறது. 450இல் உள்ள பட்டைத் தாவலோ அவ்வளவாக அசைவதில்லை. விகிதம் இறங்குவது அதனால்தான். துகள்கள் ஒட்டியிருந்தாலும் முகடு தாழும் என்பதால், வாலைப் பார்த்த பிறகே இந்த எண்ணை நம்ப வேண்டும். என் வரிசைக்குக் காரணம் இதுதான்.

ஒரு கணக்கும் போட்டுவைத்துக்கொள்ளுங்கள். தங்கத்தில் ஒரு கன நானோமீட்டருக்கு 59 அணுக்கள். 13 நானோமீட்டர் உருண்டையில் சுமார் 68,000 அணுக்கள். 0.91 மில்லிமோலாரை அதனால் வகுத்தால் துகள்களின் செறிவு 13 நானோமோலார். ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 8 லட்சம் கோடி துகள்கள். மின்னணு நுண்ணோக்கிப் படம் சில நூறு துகள்களைக் காட்டும். நிறமாலை இத்தனையையும் ஒருசேரக் காட்டுகிறது. படமும் வேண்டும்தான். ஆனால் அழகான படம் ஒன்றை வைத்துக்கொண்டு, தூக்கிய வாலுள்ள நிறமாலையைப் பெட்டிக்குள் வைப்பது நேர்மையாகாது.

உப்பு, சர்க்கரை, கிளிசரால்

நீர்த்த நீர்மத்தை மூன்று சிறு குப்பிகளில் எடுங்கள். ஒன்றில் 10 சதவீதச் சாதாரண உப்புக் கரைசலைச் சில துளிகள் விடுங்கள். துளி விழுந்த இடத்தில் நீலப் புகைபோல் ஒரு இழை இறங்கும். குப்பியை ஒருமுறை சாய்த்தால் முழுவதும் நீலச்சாம்பலாகிவிடும். உப்பின் அயனிகள் சிட்ரேட்டின் மின்னூட்டத்தை மறைத்துவிடுவதால் துகள்கள் நெருங்கி ஒட்டுகின்றன. நெருங்கிய துகள்களின் பிளாஸ்மான்கள் ஒன்றோடொன்று பிணைந்து தாழ்ந்த ஆற்றலில் ஆடுகின்றன. வளைகோட்டில் 520 முகடு சரிந்து, 600 முதல் 700 வரை அகலமான மேடு எழும். இரண்டாவது குப்பியில் சர்க்கரைக் கரைசலை விடுங்கள். சிவப்பு அப்படியே இருக்கும். சர்க்கரையில் அயனிகள் இல்லை. இந்த இரண்டாவது குப்பி இல்லாமல் முதல் குப்பி எதையும் நிரூபிக்காது.

மூன்றாவதில் சரிபாதி கிளிசரால் கலந்து நிறமாலை எடுங்கள். முகடு சில நானோமீட்டர் மட்டும் சிவப்புப் பக்கம் நகரும், வால் எழாது. இது சுற்றியுள்ள ஊடகத்தின் ஒளிவிலகல் எண் கூடியதன் விளைவு. மேலே சொன்ன இரண்டு மடங்கு நிபந்தனையை நினைவுபடுத்திக்கொண்டால் திசை சரியாக வருவது தெரியும். புரதமோ டிஎன்ஏவோ துகளின்மேல் ஒட்டும்போதும் இதே சிறு நகர்வைத்தான் தேடுவோம். முகடு சில நானோமீட்டர் நகர்ந்து வாலும் எழுந்தால், அது புரதம் ஒட்டியதாலா, துகள்களே ஒன்றோடொன்று கூடியதாலா என்ற குழப்பம் வரும். அந்த வேளையில் வாலைத்தான் நம்புங்கள்.

வெள்ளியைப் பற்றிச் சுருக்கமாக: பனிக்கட்டியில் குளிரவைத்த 30 மில்லிலிட்டர் 2 மில்லிமோலார் சோடியம் போரோஹைட்ரைடில், கலக்கியபடி, 10 மில்லிலிட்டர் 1 மில்லிமோலார் சில்வர் நைட்ரேட்டை மெல்லச் சொட்டவிட்டால் மஞ்சள் நீர்மம் கிடைக்கும், முகடு 400ஐ ஒட்டி. தங்கத்தைவிடக் கூர்மையானது, ஆனால் சீக்கிரம் கெடுவது. தங்கத்தில் கை பழகிய பிறகு இதற்கு வாருங்கள்.

2 நானோமீட்டருக்குக் கீழே

இதுவரை சொன்ன எல்லாமே எலக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகள் இடைவெளியின்றி நெருங்கி இருப்பதை நம்பியவை. அந்த நம்பிக்கை எங்கே உடைகிறது? இயற்பியலாளர் கூபோவின் மதிப்பீட்டின்படி அடுத்தடுத்த நிலைகளுக்கு இடையிலான சராசரி இடைவெளி, ஃபெர்மி ஆற்றலின் (உலோகத்தில் எலக்ட்ரான்கள் நிரப்பியிருக்கும் நிலைகளின் உச்ச உயரம்) நான்கு மடங்கை அணு எண்ணிக்கையின் மூன்று மடங்கால் வகுத்தால் வருவது. தங்கத்தின் ஃபெர்மி ஆற்றல் 5.5 எலக்ட்ரான் வோல்ட். 68,000 அணுக்கள் உள்ள நம் துகளில் இடைவெளி 0.0001 எலக்ட்ரான் வோல்ட், பொருட்படுத்த வேண்டியதில்லை. 2 நானோமீட்டர் துகளில் சுமார் 250 அணுக்கள், இடைவெளி 0.03 எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் 0.026. இரண்டும் சமமாகிவிட்டன. இதற்குக் கீழே எலக்ட்ரான்கள் கூட்டமாக ஆட இடமில்லை. ஒவ்வொன்றும் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். உலோகம் மூலக்கூறாகிறது.

இவ்வளவு எளிய கணக்கு இயற்கையோடு எவ்வளவு நெருங்கி வருகிறது என்பது என்னை இன்றும் அசரவைக்கிறது. தயால் என்ற கந்தக மூலக்கூறுகள் போர்த்திய தங்கக் கொத்துகளில் 246 அணுக்கள் கொண்டது இன்னும் மூலக்கூறாகவே நடந்துகொள்கிறது; 279 அணுக்கள் கொண்டது பிளாஸ்மான் காட்டும் உலோகமாகிவிடுகிறது.

25 தங்க அணுக்களும் 18 தயோலேட்டுகளும் (தங்கத்தோடு பிணைந்த தயால்கள்) கொண்ட எதிர்மின் கொத்துதான் இத்துறையில் அதிகம் ஆராயப்பட்டது. அதன் படிக அமைப்பு 2008இல் தெளிவானது: நடுவில் 13 அணுக்கள் கொண்ட இருபது முகக் கரு, சுற்றிலும் தங்கமும் கந்தகமும் சேர்ந்த ஆறு கவ்விகள். கணக்குப் பாருங்கள்: 25 அணுக்களின் எலக்ட்ரான்களில் 18 கந்தகத்துக்குப் போகின்றன, எதிர்மின்னூட்டத்தால் ஒன்று சேர்கிறது, மிஞ்சுவது 8. அணுவில்போலவே இங்கும் 8 நிறைவான கூடு. அதன் நிறமாலையில் 520 முகடு கிடையாது. 670–690, 450, 400 நானோமீட்டர்களில் தனித்தனி மேடுகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு தாவல். ஒளியியல் இடைவெளி சுமார் 1.3 எலக்ட்ரான் வோல்ட்.

அந்தத் தூய கொத்தைத் தயாரிப்பது முதல் வேலைக்கு உகந்ததில்லை. 2009இல் வெளிவந்த புரத முறை எளிது. 5 மில்லிலிட்டர் 10 மில்லிமோலார் குளோரோஆரிக் அமிலத்தை 5 மில்லிலிட்டர் மாட்டுச் சீரம் ஆல்புமின் என்ற புரதத்தின் கரைசலில், மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் செறிவில், 37 டிகிரி செல்சியசில் நன்றாகக் கலக்குங்கள். 2 நிமிடம் கழித்து 0.5 மில்லிலிட்டர் 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து, அதே வெப்பநிலையில் 12 மணி நேரம் விடுங்கள். காரம் சேர்ந்ததும் புரதத்தின் டைரோசின் பகுதிகள் தங்கத்தை ஒடுக்குகின்றன. புரதமே கூடாகி, கொத்து வளராமல் பிடித்துக்கொள்கிறது. மஞ்சள் கரைசல் அடர்பழுப்பாகும். 365 நானோமீட்டர் கைவிளக்கை அதன்மேல் பிடித்தால் பழுப்பு மறைந்து குப்பி முழுவதும் செந்நிறமாக ஒளிரும். உமிழ்வின் முகடு 640 நானோமீட்டரை ஒட்டி. உறிஞ்சும் ஒளித்துகள் நூறில் சுமார் ஆறு ஒளியாகத் திரும்புகின்றன. கட்டித் தங்கத்தில் அந்த அளவு ஆயிரம் கோடியில் ஒன்று என்ற வரிசையில்தான் இருக்கும் என்று சொன்னால் மாணவர்கள் விளக்கை அணைத்து அணைத்துப் பார்ப்பார்கள். புறஊதா தடுக்கும் கண்ணாடி அணிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

ஒளிர்கிறது என்பதாலேயே கொத்து என்று எழுதிவிடக் கூடாது. தங்கம் சேர்க்காமல் புரதத்தையும் காரத்தையும் மட்டும் அதே நேரம், அதே வெப்பத்தில் வைத்த ஒரு குப்பி பக்கத்தில் இருக்க வேண்டும். அது மங்கிய நீலமாக ஒளிரும். உங்கள் மாதிரியில் தெரியும் நீலம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அதுவே பதில். பிறகு நிறமாலை எடுங்கள். புரதத்தில் அடைபட்ட கொத்துகள் மேற்சொன்ன தனி மேடுகளைத் தெளிவாகக் காட்டுவதில்லை. கோடு நீண்ட அலைநீளத்திலிருந்து குறுகியதை நோக்கி வழவழவென்று ஏறும். நீங்கள் தேட வேண்டியது 520 மேடு இல்லாமலிருப்பதை. அங்கே ஒரு சிறு புடைப்பு தெரிந்தாலும் கொத்துகளோடு துகள்களும் வளர்ந்திருக்கின்றன என்று பொருள். ஒளிர்வு அளக்கும் கருவியில் இன்னொரு கவனம்: 365இல் தூண்டினால் அதன் இரண்டாம் வரிசை (கருவியின் கீற்றணி இரட்டை அலைநீளத்தில் காட்டும் போலி நிழல்) 730இல் ஒரு கூரிய கோடாக எட்டிப்பார்க்கும். அதை வடிகட்டி போட்டு நீக்குங்கள். தூண்டும் அலைநீளத்தை 10 நானோமீட்டர் நகர்த்திப் பாருங்கள். உண்மையான உமிழ்வு இடத்திலேயே நிற்கும், போலி 20 நானோமீட்டர் நகரும்.

வைப்பதும் கொட்டுவதும்

இரண்டு மாதிரிகளையும் ஒளி புகாத புட்டியில் 4 டிகிரியில் வையுங்கள். சிட்ரேட் தங்கத்தை உறையவைக்காதீர்கள். பனிப்படிகங்கள் துகள்களைத் தள்ளி ஒன்றாக்கிவிடும், உருகிய பிறகு சிவப்பு திரும்பாது. எடுக்கும் ஒவ்வொரு முறையும் புட்டியைக் குலுக்கும் முன் அடியைப் பாருங்கள். கறுப்புப் பொடி தெரிந்தால் அந்தப் புட்டியின் செறிவுக் கணக்கு இனி செல்லாது. புதிதாக நிறமாலை எடுத்து 400இன் எண்ணைத் திருத்துங்கள். லேபிளில் தேதியோடு முகடு, 450 விகிதம், 700இன் மதிப்பு மூன்றையும் எழுதிவைத்தால் அடுத்துப் பயன்படுத்துகிறவர் உங்களைத் தேடி வர வேண்டியதில்லை.

கழிவைத் தொட்டியில் கொட்ட வேண்டாம். தங்கம் சேர்ந்த எல்லாவற்றையும் தனிப் புட்டியில் சேர்த்து, மீட்புக்கு அனுப்புங்கள். அந்தப் புட்டியில் அம்மோனியா எந்த வடிவிலும் சேரக் கூடாது. தங்க உப்பும் அம்மோனியாவும் சேர்ந்தால் உலர்ந்ததும் தொட்டாலே வெடிக்கும் சேர்மம் உண்டாகும். புட்டியின் மேல் இதைப் பெரிய எழுத்தில், முதல் துளியை ஊற்றும் முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள்.